கம்பம் நட்ட பிறகு கொடிவேரி

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைக் கனி. வீட்டுக்காரி துளசிமணி என்னைக் கண்ணை மூடச் சொல்லி, தோளைப் பிடித்துப் பூசையறைக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடி, அதன் முன்னால் தட்டில் மாம்பழம், எலுமிச்சை, வெற்றிலை, அவள் கழுத்துச் செயின். வருஷத்தின் முதல் பார்வை நல்லதில் விழ வேண்டும் என்று வருஷா வருஷம் செய்கிறாள்.

"வாழைப்பழம் வைக்கலியா?" என்றேன்.

"ஒரு சீப்பு வெச்சிருக்கறேன், தெரியலீங்களா?" என்றாள்.

தட்டின் இடது ஓரத்தில் இருந்தது. அவ்வளவு ஓரத்தில் வைத்தால் யாருக்குத் தெரியும்? அவள் தட்டை நகர்த்தி என் மூக்குக்கு நேராக வைத்தாள்.

இந்த டைரி டயர் கடையில் கொடுத்தது. இதுவரை கிலோமீட்டரும் டீசலும்தான் எழுதியிருக்கிறேன். அரசு பஸ்ஸில் இருபத்தெட்டு வருஷம் டிரைவர். ரிட்டையர் ஆகி மூன்று வருஷமாகச் சொந்த வேன். கல்யாணம், காதுகுத்து, பழனி என்று போகிறேன். பிப்ரவரியிலிருந்து ராத்திரிச் சவாரி எடுப்பதில்லை, முதுகுவலி. இன்றைக்கு என்னவோ எழுத வேண்டும் போலிருந்தது.

ஏப்ரல் 17, வியாழன்

வேனுக்கு ஆயில் மாற்றினேன். இடது பக்கக் கண்ணாடி புதிதாகப் போட்டாயிற்று. நேற்று சந்தைக் கடை முக்கில் அறிவிப்புப் பலகையில் உரசி உடைந்துவிட்டது. பலகையை ரோட்டுக்குள்ளேயே நட்டிருக்கிறார்கள், கேட்பாரில்லை.

மெக்கானிக் அம்மாசை கண்ணாடியை முடுக்கிக்கொண்டே, "ஏனுங்ணா, மூணாவது கண்ணாடி இது. பூராமே பீச்சாங்கைப் பக்கமா ஒடையுதுங்களே" என்றான்.

"சோத்தாங்கைப் பக்கம் எவனும் பலகை நடறதில்ல, அதான்" என்றேன். சிரித்தான். மற்றபடி நல்ல வேலைக்காரன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

இன்றைக்கு வீதியில் டூர் பேச்சு. எங்கள் வீதியில் பதினோரு வீடு. ஒவ்வொரு சித்திரையிலும் ஒரு நாள் எல்லோருமாகக் கொடிவேரி அணைக்குப் போவோம். பஸ் ஓட்டின காலத்திலும் அந்த ஒரு நாளுக்கு நான் லீவு போட்டு வாடகை வேன் ஓட்டியிருக்கிறேன். வேறு டிரைவர் வந்தால் ஜோதிமணி ஏற மாட்டாள். மாவு மில் வைத்திருக்கிறாள், வீதிக்கே அவள்தான் அதிகாரி.

வாத்தியார் ஈஸ்வரமூர்த்திக்கு மே மூன்றுதான் தோதுப்பட்டது. புளிச்சோறு எங்கள் வீடு, தயிர்ச்சோறு வாத்தியார் வீடு, ஒப்புட்டு ஜோதிமணி. மாங்காய்க்கு உப்பும் மிளகாய்ப்பொடியும் மறக்காமல் எடுக்க வேண்டும் என்று பிள்ளைகள் தனியாக ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

துளசிமணி நடுவில் புகுந்து, "செவ்வாக்கெழம மாரியம்மன் நோம்பிக்குச் சாட்டுறாங்க. அடுத்த செவ்வாய் கம்பம் நட்டுருவாங்க. கம்பம் நட்டதுக்கப்பறம் டூர் எதுக்குங்க? இந்த வருசம் விட்டுருலாம்" என்றாள்.

எல்லோர் முகமும் தொங்கிவிட்டது. நான் எடுத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. மூன்று கிளை மரத்தைக் கோயில் முன்னால் கம்பமாக நட்டால், அதைப் பிடுங்கும்வரை ஊரில் கறி மீன் கிடையாது, ஊர்க்காரர்கள் எல்லைக்கு வெளியே ராத்தங்கக் கூடாது. அவ்வளவுதான் கட்டு. பகலில் எங்கேயும் போகலாம், படுக்க ஊருக்கு வந்துவிட்டால் போதும். காலை ஆறுக்குக் கிளம்பினால் மாலை நான்குக்கு வீடு. இதில் அம்மனுக்கு என்ன குறை?

"அண்ணன் சொல்றது செரிதான்" என்று ஜோதிமணி முடித்துவிட்டாள். துளசிமணி அடுப்படிக்குப் போய்விட்டாள். முப்பத்தாறு வருஷமாகக் கொடிவேரி என்றால் முதல் ஆளாகத் துணி எடுத்து வைப்பவள். இந்த வருஷம் என்ன வந்தது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

சாட்டு. நோம்பி தொடங்குகிறது என்று தண்டோரா போட்டார்கள். வாசலில் வேப்பிலை கட்டினேன்.

ஏப்ரல் 24, வியாழன்

துளசிமணியோடு பெருந்துறைக்குப் போய்ப் புளியும் கடலையும் வாங்கி வந்தேன். முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு வாய் ஓயவில்லை. "அங்கெ பாருங்க, பால்காரர் சைக்கிள்ல போறாரு. அந்த ஆடு யாரூட்டுதுங்க, ரோட்டோரமா மேயுது? வேகத்தடைக்கு வெள்ளப் பெயின்ட்டு அடிச்சா என்னவாமா?" கல்யாணமான புதிதில் பஸ்ஸில் கூட்டிப்போனால் ஒரு வார்த்தை பேசமாட்டாள். இந்தப் பொங்கலுக்குப் பிறகுதான் இப்படி. வயதானால் பெண்களுக்குப் பேச்சு கூடும் போலிருக்கிறது. வலிக்கிறது காது.

ஒன்று சொல்ல வேண்டும். அவள் பேச ஆரம்பித்த பிறகு அவளில்லாமல் வண்டி எடுத்தால் என்னவோ வெறிச்சென்று இருக்கிறது.

ஏப்ரல் 26, சனி

காலையில் வேனைக் கழுவிவிட்டு ஷெட்டில் விடும்போது வாத்தியார் மகள் மிதுனா குறுக்கே வந்துவிட்டாள். ஒன்பது வயது. சைக்கிளை வளைத்துவிட்டாள். ஹேண்டில்பாரில் லேசாகப் பட்டது. விழுந்தாள், முழங்கை சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. நானே தூக்கி நிறுத்தி மஞ்சள் வைத்துவிட்டேன்.

"நான் ஓரமாத்தானுங்க வந்தேன் அப்பாரு" என்றாள். வீதிப் பிள்ளைகளுக்கு நான் தாத்தா முறை.

"பாத்து வரோணும் கண்ணு" என்றேன்.

வாத்தியாரிடம், பிள்ளை சைக்கிளை வளைத்துவிட்டாள் என்று சொன்னேன். அவர் அவளைத்தான் திட்டினார். சிறு பிள்ளைகள் அப்படித்தான் திடீரென்று வளைப்பார்கள். இருபத்தெட்டு வருஷத்தில் என் வண்டியில் ஒரு கோழி அடிபட்டதில்லை. விபத்தில்லா டிரைவர் என்று மெடல் இருக்கிறது, அலமாரியில். இன்று எடுத்துப் பார்த்தேன்.

மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. வெயில்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பள்ளிக்கூடத்தில் கண் முகாம். துளசிமணி என்னைக் கேட்காமல் பேர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். எனக்கு எண்பது அடிக்கு அந்தப்பக்கம் இருக்கும் நம்பர் பிளேட் படிக்க வரும், எதற்கு முகாம்? வேனில் சீட் உறை மாற்றுகிற வேலை இருந்தது, போகவில்லை.

சாயங்காலம் சும்மா ஒரு கண்ணை மூடி நாள்காட்டியைப் பார்த்தேன். வலது கண்ணை மூடியபோது தேதி எண் மட்டும் தெரிந்தது. மேலே இருக்கும் சாமி படமும் சுற்றியிருக்கும் எழுத்தும் புகை மூடின மாதிரி. மூன்று முறை பார்த்தேன். கண்ணைக் கழுவிக்கொண்டு மறுபடி பார்த்தேன். வேனுக்குள் அத்தனை தூசி.

ஏப்ரல் 29, செவ்வாய்

கம்பம் நட்டாயிற்று. பொழுது சாய்ந்து மேளம் அடித்துக் கம்பத்தைச் சுற்றி ஆடினார்கள். நானும் வருஷா வருஷம் நாலு சுற்று ஆடுவேன். இந்த முறை ஓரமாக நின்றேன். தீப்பந்த வெளிச்சத்தில் ஆட்களே தெரிவதில்லை, வெறும் வெளிச்சம்தான் வட்டம் வட்டமாக. ஜோதிமணி, "ஏனுங்ணா, ஆடலீங்களா?" என்றாள். முதுகுவலி என்றேன்.

மே 1, வியாழன்

வேன் சாவியைக் காணோம். அரை நாள் தேடினோம். அரிசிப் பானைக்குள் இருந்தது. "நானு எப்புடி அங்கெ வெச்சேன்னே தெரியலீங்க" என்றாள் துளசிமணி. சாவியை என் கையில் கொடுக்கும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.

மே 2, வெள்ளி

டயருக்குக் காற்று. ஸ்டெப்னி பார்த்தாயிற்று. பெரிய குண்டா இரண்டு, தண்ணீர் கேன் மூன்று, ஜமக்காளம், கயிறு. முதலுதவிப் பெட்டியில் பஞ்சு புதிதாக வைத்தேன். பிள்ளைகள் வந்து யார் ஜன்னலோரம் என்று இப்போதே சண்டை. இந்த முறை வருவது பெரியவர்கள் ஒன்பது, பிள்ளைகள் ஐந்து, நான். பதினைந்து பேர்.

துளசிமணி புளிச்சோற்றுக்குத் தாளிக்கும்போது, "நாலு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துரோணுமுங்க. ஒரு நிமிசம் தாண்டப்படாது. சத்தியம் பண்ணுங்க" என்றாள். அடுப்படியில் நின்றுகொண்டு சத்தியம் வாங்கினது இதுவே முதல்முறை. பண்ணினேன். எனக்கும் நாலு மணிதான் கணக்கு. பகலில் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

மே 4, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இன்றைக்கு எழுதியே ஆக வேண்டும்.

ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். கற்பூரம் காட்டி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினேன். துளசிமணி முன் சீட்டில் வழக்கம்போல: மாடு, டிராக்டர், பள்ளம், பாலம். கோபி தாண்டினதும் இரண்டு பக்கமும் நெல் பச்சையாக நின்றது. பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். எட்டு மணிக்கு முன்பே கொடிவேரி.

நேற்றைய காலையைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. அணையில் தண்ணீர் தோள் உயரத்தில் மடித்து விழுந்தது. அதற்கு அடியில் வரிசையாக முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். ஒரு வருஷத்து வெயில் முதுகை விட்டு இறங்கிப்போகிற சுகம். ஜோதிமணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் உட்கார்ந்தவள் பதினொரு மணிவரை எழுந்திருக்கவில்லை. அவளை எழுப்ப இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. பரிசலில் போனோம். பிள்ளைகள் பரிசலைச் சுற்றிவிடச் சொல்லிக் கத்தினார்கள். துளசிமணி சிரித்ததை ரொம்ப நாளைக்குப் பிறகு பார்த்தேன். மரத்தடியில் ஜமக்காளம் விரித்துப் புளிச்சோறும் தயிர்ச்சோறும். மாங்காய்ச் சீவல் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கொடிவேரிக்குப் போய் மீன் தின்னாமல் வந்தது இந்த ஒரு வருஷம்தான். கம்பம் நட்டிருக்கிறதே. வறுக்கிற வாசனை வரும்போதெல்லாம் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். இரண்டு மணிக்குச் சாமான் ஏற்றத் தொடங்கினோம். வாத்தியாரைக் காணோம். பத்து நிமிஷத்தில் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். அவர் வீட்டம்மா சரோஜினி அவரை நெருங்கி ஒருதரம் மூச்சை இழுத்தார், அவ்வளவுதான்.

"மீன் தின்னீங்களா?"

"இல்ல. பக்கத்துல நின்னேன், பொகை பட்டுருச்சு."

"பொகையில எண்ணெ இருக்குமா? மீசையில பாருங்க."

வேனே குலுங்கச் சிரித்தது. ஜோதிமணி மட்டும் சிரிக்கவில்லை. "கம்பம் நட்டுருக்கறப்ப கவிச்சி தின்னுபோட்டு எல்லைக்குள்ள எப்புடி வாத்தியாரே கால் வெப்பீங்க? ஊருக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? பண்ணாரிக்குப் போயி, தல முழுகி, ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டு, புத்துமண்ணு நெத்தியில வெச்சாத்தான் ஊருக்குள்ள வரலாம்."

பண்ணாரி அங்கிருந்து எதிர்த்திசை. சத்தியமங்கலம் தாண்டிப் போக வேண்டும். போய், சனிக்கிழமைக் கூட்டத்தில் நின்று, திரும்ப... எனக்குள் கணக்கு ஓடியது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். துளசிமணி தலையை லேசாக இடமும் வலமும் ஆட்டினாள். முடியாது என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். வாத்தியாரை ஊர் எல்லையில் இறக்கிவிட்டு அங்கேயே குளித்துவிட்டு வரச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஏன் முடியாது என்று கேட்டால்?

"போலாமுங்க, பண்ணாரி என்ன தூரமா?" என்றது நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கோயிலில் கூட்டம் நெரித்தது. வாத்தியார் தலை முழுகி, வரிசையில் நின்று, மண் வாங்கிப் பூசிக்கொண்டு வெளியே வந்தபோது மணி ஐந்தேகால். பிள்ளைகளுக்கு அது இன்னொரு டூர். பொரி, பலூன், வளையல் என்று சந்தோஷம். நான் வேனுக்குப் பக்கத்தில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தேன். வேஷ்டியில் உள்ளங்கையைத் துடைத்தபடியே இருந்தேன்.

சத்தி வரைக்கும் வெயில். கோபிக்குப் பத்து கிலோமீட்டர் இருக்கும்போது பொழுது இறங்கியது. கோபி ஊருக்குள் கடை வெளிச்சம் இருந்ததால் எப்படியோ வந்துவிட்டேன். ஊர் தாண்டியதும் இருட்டு. எதிரே வரும் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் வட்டம். விளக்கு போன பிறகு ரோடே இல்லை. நடுவில் வெள்ளைக் கோடு ஒரு முழ நீளம் மட்டும், அதற்கு இரண்டு பக்கமும் ஒன்றுமே இல்லை.

துளசிமணி பேசிக்கொண்டே வந்தாள். "ரோடு சோத்தாங்கைப் பக்கம் திரும்புதுங்க. ஓரமா ஒருத்தரு நடந்து போறாரு, இன்னும் சித்தெ தள்ளியே போங்க. மொட்டார் சைக்கிள் ஒண்ணு, லைட்டில்ல." பின்னால் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். சிரிப்பும் பாட்டும் நின்றுபோயிருந்தது. பதினைந்து பேர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. என் காலைப் பிரேக்கிலிருந்து எடுக்க முடியவில்லை.

ஒரு டீக்கடை விளக்கு தெரிந்ததும் ஓரம் கட்டி நிறுத்திவிட்டேன். "கிளட்ச் போச்சு" என்றேன்.

பெரியவர்கள் இறங்கினார்கள். இங்கேயே எங்காவது மண்டபத்தில் படுத்துவிட்டுக் காலையில் போகலாம் என்று நான் சொன்னேன். நான் சொன்னேன், கம்பத்துக்கு விளக்கம் கொடுத்த நானே.

"என்னுங்ணா பேசறீங்க?" என்றாள் ஜோதிமணி. "ராத்தங்கக் கூடாது, படுக்க ஊருக்கு வந்துரோணும்னு நீங்கதான சொன்னீங்க? அதைக் கேட்டுத்தான நாங்க வந்தோம்?"

அதற்குள் டீக்கடையில் நின்றிருந்த பால் வண்டிக்காரர் ஒருவர், சின்ன வயசு, உதவி செய்கிற முகம், "சாவி குடுங்க, பாக்கறேன்" என்று கை நீட்டினார். கொடுக்காமல் இருக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. ஏறினார். ஒரே முறையில் ஸ்டார்ட் ஆயிற்று. கியர் போட்டுப் பத்தடி முன்னால் போய், பின்னால் வந்து நிறுத்தினார்.

"ஜம்முனு இருக்குதுங்களே அய்யா. கிளட்ச்சுல ஒரு கொறையும் இல்லியே."

ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். டீக்கடைக்காரரும் பார்த்தார். முப்பத்தோரு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவன் அந்த இடத்தில் நின்றேன்.

"வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க" என்றேன். "எனக்குத்தான். கண்ணு தெரியல. இருட்டுல சுத்தமாத் தெரியல. பகல்ல பீச்சாங்கைப் பக்கம் தெரியல. ரொம்ப நாளாவே."

துளசிமணி அழுதாள். "நாலு மாசமா வாய் வலிக்கப் பேசிக்கிட்டே வர்றேன். எதுக்குன்னு நெனச்சீங்க?" என்றாள். "உங்க வாயால வரட்டும்னு இருந்தேன். இத்தன பேர ஏத்திக்கிட்டு வர விட்டது என் தப்புங்க. எனக்கும் பங்கு இருக்குது." கடைசி வார்த்தையை ஜோதிமணியைப் பார்த்துச் சொன்னாள்.

அவள் சொல்லாமல் விட்டதற்கு நான் கோபப்பட முடியாது. அவள் முகாமுக்குப் பேர் கொடுத்தாள், அம்மனைக் காரணம் காட்டினாள், சாவியை அரிசிக்குள் ஒளித்தாள். நான்தான் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தேன்.

பிறகு வாத்தியாரிடம் போனேன். "மிதுனா சைக்கிள வளைக்கலீங்க. ஓரமாத்தான் வந்துச்சு. நான் பாக்கல" என்றேன்.

நெற்றியில் மண் அழியாமல் நின்றிருந்தார். மீன் விஷயத்தில் அத்தனை பேர் கேலி பண்ணியும் சிரித்த மனுஷன். "நான் எம்புள்ளையத் திட்டினேனுங்க" என்றார். "அன்னைக்கே சொல்லியிருந்தா இன்னைக்கு வேற வண்டி பாத்திருப்போம்." அவ்வளவுதான் சொன்னார். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தள்ளிப் போய் நின்றார்.

வேனை டீக்கடைக்காரர் பொறுப்பில் விட்டுவிட்டுக் கோபியிலிருந்து வந்த பஸ்ஸில் ஏறினோம். குண்டாவும் ஈரத்துணியும் தூங்குகிற பிள்ளைகளுமாக. உட்கார இடமில்லை. நான் டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றேன். பழக்கத்தில் ரோட்டைப் பார்த்தபடி வந்தேன். ஓரிடத்தில் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டு வலது பக்கம் ஒடித்தார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பஸ் தாண்டும்போது ஜன்னல் வெளிச்சத்தில்தான் பார்த்தேன். ஒருவர் சைக்கிள் கேரியரில் சோளத்தட்டுக் கட்டு வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார். கட்டின் மேல் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தது. பஸ்ஸைப் பார்த்துக் கையை ஆட்டியது.

கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். டிரைவர் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓட்டிக்கொண்டு போனார். அவருக்கு ஒன்றும் நடக்கவில்லைதான்.

ஊர் எல்லையில் இறங்கினோம். கோயிலில் பூவோடு என்று தீச்சட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் கம்பத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். என்னிடம் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

மே 5, திங்கள்

ஈரோட்டில் கண் ஆஸ்பத்திரி. பஸ்ஸில் போனோம்.

இருட்டு அறையில் ஒரு மெஷினுக்குள் முகத்தை வைத்து, வெள்ளைப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நாலைந்து தரம் அமுக்கினேன். அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. "மெசின் நின்னுபோச்சுங்க" என்றேன். அந்தப் பெண் பிள்ளை, "இல்லீங்கய்யா, ஓடிட்டுத்தான் இருக்குது" என்றது.

கண்ணுக்குள் அழுத்தம். டாக்டரம்மா சின்னப் பெண்தான், மறைக்காமல் சொன்னார். "போனது வராதுங்க. மருந்து விட்டா இருக்கறத காப்பாத்திக்கலாம். ஒரு வருசம் முன்னாடி வந்திருந்தா இன்னும் நெறைய இருந்திருக்கும். வண்டி கிண்டி ஓட்டறீங்களா?"

"சனிக்கெழம வரைக்கும் ஓட்டினேனுங்க" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு துளசிமணியைப் பார்த்தார். மறுபடி எழுதத் தொடங்கினார்.

பொழுது சாய்வதற்குள் ஊருக்கு வந்துவிட்டோம்.

மே 6, செவ்வாய்

வேனை அம்மாசை போய் எடுத்து வந்தான். ஷெட்டில் விட்டுவிட்டுச் சாவியைத் துளசிமணியிடம் கொடுத்தான். நானாகத்தான் அவளிடம் கொடுக்கச் சொன்னேன். நாள் முழுக்க ஷெட் பக்கம் போகவில்லை. சொட்டு மருந்து எரிகிறது.

மே 7, புதன்

மாவிளக்கு. வீதியே கோயிலில். நான் வீட்டிலேயே இருந்தேன். ஜோதிமணி வாசலில் நின்று, "பதினஞ்சு உசுருங்ணா" என்று மட்டும் சொன்னாள். உள்ளே வந்து ஒரு தட்டு மாவு வைத்துவிட்டுப் போனாள். வாத்தியார் வீட்டு வாசல் சாத்தியே இருக்கிறது.

மே 8, வியாழன்

அம்மனுக்குப் பொங்கல். கம்பம் பிடுங்கிக் கிணற்றில் விட்டார்கள். இனி யாரும் எங்கே வேண்டுமானாலும் ராத்தங்கலாம்.

மே 9, வெள்ளி

மஞ்சள் நீராட்டு. வீதியில் அண்டா அண்டாவாக மஞ்சள் தண்ணீர் கலக்கி வைத்திருந்தார்கள். நான் வெளியே போவதாக இல்லை. துளசிமணி பழைய வெள்ளைச் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்து, "உக்காந்தே இருந்தா ஆச்சுங்களா? எந்திரிங்க" என்றாள்.

படி இறங்கினேன். பிள்ளைகள் சொம்போடு ஓடி வந்தார்கள். ஓடி வந்தவர்கள் நின்றார்கள். ஒருவன், "அப்பாரு, பீச்சாங்கைப் பக்கம் இருந்து ஊத்தப் போறேனுங்க" என்றான். இன்னொருத்தி எனக்கு நேரே வந்து நின்று, நான் அவளைப் பார்த்துவிட்டேனா என்று உறுதி செய்துகொண்டு, காலில் கொஞ்சமாக ஊற்றினாள். ஜோதிமணிகூட, "அண்ணா, பொறகால நிக்கறேனுங்க" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் ஊற்றினாள். பூசை மாதிரி இருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"சொல்லிப்போட்டு ஊத்தறதுக்குப் பேரு மஞ்சத்தண்ணியா?" என்று கத்தினேன். "கண்ணுதான் போச்சு, சூடு சொரண போகல. ஊத்தறவங்க ஊத்துங்க, இல்லீன்னா வீட்டுக்குப் போங்க."

எல்லோரும் அப்படியே நின்றார்கள். பிள்ளைகள் அவரவர் அம்மா முகத்தைப் பார்த்தார்கள்.

ஒரு குடம் தண்ணீர் முழுசாக என் காதோடு சேர்த்து அறைந்தது. மூச்சு முட்டியது. தடுமாறி, சுவரைப் பிடித்து, இடது பக்கம் முழுக்கத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது: வாத்தியார். காலிக் குடத்தோடு இரண்டடி தள்ளி நின்றார். எவ்வளவு நேரமாக அங்கே நின்றாரோ. ஐந்து நாளாக என்னிடம் பேசாதவர் அப்போதும் பேசவில்லை. குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு அடுத்த குடத்துக்கு அண்டாவைப் பார்த்துப் போனார்.

அதன் பிறகு பிள்ளைகளைப் பிடிக்க முடியவில்லை. எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்றே தெரியாமல் அடித்தது. துளசிமணி வாசலில் நின்று ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நடுவீதியில் நனைந்து நின்றேன். சிரித்தேன். கொஞ்சம் அழவும் செய்தேன், மஞ்சள் தண்ணீரில் யாருக்கும் தெரிந்திருக்காது.

இத்தனை பக்கத்தில் ஒரு மனுஷன் குடத்தோடு வந்து நின்றது எனக்குத் தெரியவே இல்லை. நல்லவேளை, நான் ஸ்டியரிங்கில் இல்லை, தரையில் நின்றேன். நல்லவேளை, தண்ணீர்.